85 கேள்வியோடு கணினி நின்றுவிட்டது, இது என்ன தேர்வு?

பந்தலூர்வாசி, 09.11.2024

என் மகள் நர்சிங் முடித்தவள். அமெரிக்க வேலைக்காக என்கிளெக்ஸ் தேர்வு எழுதினாள். 85 கேள்வி முடிந்ததும் கணினி நின்றுவிட்டது. கூட எழுதிய பெண்ணுக்கு 130 தாண்டிப் போயிற்று. தான் பெயில் என்றே முடிவு கட்டி, வீடு வந்து சேரும் வரை அழுகை. கடைசியில் இரண்டு பேரும் பாஸ். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், அதுதானே தேர்வு? ஆளுக்கொரு கேள்வி, ஆளுக்கொரு எண்ணிக்கை என்றால் நியாயம் எங்கே? இங்கே கோத்தகிரி கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறாரே, அவர் சொல்லட்டும்.

09.11.2024, இரவு

அந்த வாத்தியார் நான்தான்.

கணினிக்குச் சந்தேகம் தீர்ந்தது, நிறுத்திவிட்டது. அவ்வளவுதான். அந்தத் தேர்வு 1994 முதல் இப்படித்தான் நடக்கிறது. இப்போதைய விதிப்படி குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்வி. அந்த முதல் 85இல் 15 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. பிற்காலத் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் பார்க்க நடுநடுவே செருகி வைப்பார்கள். எவை அந்த 15 என்று எழுதுபவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு விடைக்குப் பிறகும், இவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்று கணினி ஒரு கணக்குப் போடும். 95 சதவீதம் உறுதி வந்துவிட்டால் நிறுத்திவிடும். கோட்டுக்கு வெகு மேலே இருப்பவருக்கும் 85இல் நிற்கும், வெகு கீழே இருப்பவருக்கும் 85இல் நிற்கும். கோட்டை ஒட்டியே ஏறி இறங்குபவர்களுக்குத்தான் 130, 140 என்று இழுக்கும். ஆகவே 85இல் நின்றதற்காக அழவும் வேண்டாம், பாயசம் வைக்கவும் வேண்டாம்.

10.11.2024

நியாயம் எங்கே என்ற கேள்வியை நேற்று தொடவில்லை. அதற்குச் செஸ் போதும்.

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு எங்கள் பள்ளியில் ரேட்டிங் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை கிடையாது. 200 புள்ளி அதிகம் உள்ளவர், குறைவாக உள்ளவரோடு நூறு ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய 76 புள்ளி எடுப்பார். இரண்டு பேர் நேருக்கு நேர் மோதாமலே, வேறு வேறு ஆட்களோடு ஆடிய ஆட்டங்களை வைத்து யார் பலசாலி என்று சொல்லிவிட முடிகிறது. இதில் அநியாயம் என்று யாரும் கொடி பிடிப்பதில்லை.

இப்போது கேள்வியையும் ஓர் ஆட்டக்காரராக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு ரேட்டிங். விடை சரியென்றால் நீங்கள் ஜெயித்தீர்கள், தவறென்றால் கேள்வி ஜெயித்தது. டென்மார்க் கணிதர் ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட கணித மாதிரியும் எலோ என்ற செஸ் ரேட்டிங் கணக்கும் உள்ளே பார்த்தால் ஒரே சூத்திரம்தான். உங்கள் திறனுக்கும் கேள்வியின் கடினத்துக்கும் உள்ள வித்தியாசம், அதிலிருந்து சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு. இரண்டும் சமமென்றால் பாதிக்குப் பாதி.

பாதிக்குப் பாதி இருக்கும் இடத்தில்தான் ஒரு விடையிலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நூறு முறை தோற்கடித்தாலும் உங்கள் பலம் தெரியப்போவதில்லை. அதனால் கணினி உங்களுக்குச் சமமான எதிராளியாகத் தேடித் தேடிக் கொடுக்கிறது. பந்தலூர்வாசி மகளின் அழுகைக்கும் காரணம் இதுதான். நன்றாகப் படித்த பெண்ணுக்கு வாழ்நாளில் முதல்முறையாக, ஏறக்குறைய பாதிக் கேள்விக்கு விடை நிச்சயமில்லாமல் இருந்திருக்கும்.

10.11.2024, கொஞ்சம் கழித்து

"அப்போ முட்டாளுக்கும் பாதி, கெட்டிக்காரனுக்கும் பாதியா?" என்று தேயிலைத்தூள் என்ற பெயரில் இங்கே எழுதுபவர் கேட்கிறார். ஆமாம், சரியான விடைகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். யாரோடு மோதி அந்தப் பாதியை எடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். முட்டாள் என்ற சொல் வாத்தியார் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

17.11.2024

மழை. குன்னூர், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

இதெல்லாம் அமெரிக்கக் கம்ப்யூட்டர் மூளை என்று ஒருவர் எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே, 1905இல், பிரான்சில் ஆல்ஃபிரட் பினே குழந்தைகளுக்கான சோதனையை வெளியிட்டார். குழந்தை எந்த மட்டத்தில் இருக்கும் என்று உத்தேசமாக ஆரம்பித்து, தடுமாறினால் கீழே இறங்கி, தொடர்ந்து தவறும் வரை மேலே ஏறுவது என்று அந்த வகைச் சோதனைகள் பின்னாளில் வளர்ந்தன. இன்றைக்கும் சிறப்புக் குழந்தைகளுக்குச் சான்றிதழ் தரும் உளவியலாளர் மேசையில் நடப்பது ஏறக்குறைய அதுதான்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால், பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசர் ஆய்வு. 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் செய்கிறார்கள். தன்னார்வலர் குழந்தையிடம் முதலில் ஒரு பத்தியை நீட்டுவார். வாசித்தால் கதை. தடுமாறினால் சொற்கள். அதுவும் முடியாவிட்டால் எழுத்துகள். ஒரே அட்டை, திண்ணையில் உட்கார்ந்து சில நிமிடம். நானும் ஓர் ஆண்டு இதற்காகப் போயிருக்கிறேன். நம்ம 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் மட்டத்திலிருந்து தொடங்குவதும் இதே யோசனைதான்.

ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்பது வாத்தியார்களின் பழைய பழக்கம். அப்படிக் கேட்கும்போது கமலாவிடம் கேட்ட கேள்வியும் காளியிடம் கேட்ட கேள்வியும் எவ்வளவு தூரம் வித்தியாசப்படும் என்று எந்த வாத்தியாராலும் எண்ணில் சொல்ல முடியாது. அதைச் சொல்ல ராஷ் போன்றவர்களின் கணக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் பிள்ளை அடுத்த கேள்விக்குப் போவதற்குள் போட்டு முடிக்க ஒரு யந்திரம் வேண்டியிருந்தது.

18.11.2024

பனிமூட்டம் என்ற பெயரில் எழுதுபவர் கேட்டது முக்கியமான கேள்வி: "தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைக் கடைசியில் பார் என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். இதில் பின்னால் போக முடியுமா?"

முடியாது. ஒரு விடையைச் சொன்ன பிறகுதான் அடுத்த கேள்வி எது என்றே முடிவாகிறது. பழையதைத் திருத்தவிட்டால் எல்லாம் குலையும். வேண்டுமென்றே முதலில் தப்புத் தப்பாகப் போட்டு, எளிய கேள்விகளை வாங்கி, கடைசியில் திருத்திக்கொள்ளும் தந்திரமும் வரும். நம் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது.

அதனால் நடுவழி ஒன்று வந்தது. கேள்வி கேள்வியாக இல்லாமல் கட்டுக் கட்டாக மாற்றுவது. முதல் கட்டு எல்லோருக்கும் பொதுவான கலவை. அதில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பார்த்து இரண்டாவது கட்டு எளியதா கடினமா என்று தீர்மானம். ஒரு கட்டுக்குள் முன்னும் பின்னும் தாராளமாகப் போகலாம். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வு 2011இல் இதற்கு மாறியது. ஊட்டி போர்டிங் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்காக எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வும் இப்படித்தான். 2023இல் வெளிநாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் கணினிக்கு மாறிவிட்டது. மூன்று மணி நேரமாக இருந்தது இப்போது 2 மணி 14 நிமிடம், 98 கேள்வி.

எனக்கு இந்தக் கட்டு முறைதான் பிடித்திருக்கிறது. துல்லியம் கொஞ்சம் குறையலாம். ஆனால் பிள்ளைக்குப் பின்னால் போய்ப் பார்க்கும் உரிமை இருக்கிறது. பரீட்சை என்றாலே மூச்சு முட்டும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

01.12.2024

ஜே.இ.இ. மெயினும் கணினித் தேர்வுதானே, அதுவும் இப்படியா என்று இரண்டு மூன்று பேர். இல்லை. அது தாளைத் திரையில் காட்டுவது. ஒரே ஷிப்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். பல ஷிப்ட் நடப்பதால் ஒன்று கஷ்டமாகவும் ஒன்று லேசாகவும் அமைந்துவிடும். அதைச் சரிக்கட்டத்தான் பெர்சென்டைல்: உங்கள் ஷிப்டில் உங்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. எல்லா ஷிப்டிலும் ஒரே தரத்துக் கூட்டம்தான் உட்கார்ந்தது என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. கூட்டம் பெரியது, யார் எந்த ஷிப்ட் என்பதைக் குலுக்கிப் போடுகிறார்கள் என்பதால் பெரிய தப்பு வராது. ஆனால் கேள்வியின் பலத்தை நேரடியாக எடை போடுவதற்கும், கூட்டத்தை வைத்து ஊகிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நீட் பற்றி இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம். இழை உருப்படாது.

03.12.2024

ஆரம்பித்துவிட்டீர்கள். கேள்வித்தாள் கசிவு பற்றி மட்டும் ஒரு பதில், அப்புறம் விட்டுவிடுவோம்.

கணினி வந்தால் கசிவு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் ஜி.ஆர்.இ. கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1993இல்தான் அதைக் கணினியில் ஆளுக்கேற்ற தேர்வாகக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே கப்லன் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஆட்களைத் தேர்வுக்கு அனுப்பி, கேள்விகளை மனப்பாடம் செய்துவரச் சொல்லிப் பார்த்தது. திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவது தெரிந்தது. தேர்வு நடத்திய இ.டி.எஸ். சில நாள் தேர்வை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று, கப்லன் மேல் வழக்கும் போட்டது.

காரணம் எளிது. எல்லோரும் நடுவில் ஆரம்பித்தால், நடுத்தரக் கடினத்தில் உள்ள நல்ல கேள்விகள் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதனால் எந்தக் கேள்வியையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் காட்டாதே என்று கணினிக்குக் கடிவாளம் போட வேண்டும். அதற்குக் கேள்வி வங்கியில் ஆயிரக்கணக்கில் கேள்வி வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே நிறைய பேரிடம் கொடுத்து எடை போட்டிருக்க வேண்டும். ராஷ் முறை என்றால் கேள்விக்குச் சில நூறு பேராவது வேண்டும். ஊகித்துச் சரியாகப் போடுவதையும் கணக்கில் சேர்க்கும் பெரிய மாதிரிகளுக்கு ஆயிரம் பேர் அளவில் கேட்பார்கள். பணம் போகும் இடம் கணினியில்லை, இதுதான்.

15.12.2024

இப்போது என் சொந்தக் கதை. ஆறு முதல் எட்டு வகுப்பு வரைக்கும் கணக்குக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். பள்ளி லேபில் உள்ள பழைய கணினிகளில் நெட் இல்லாமல் ஓடும். எல்லாக் கேள்விக்கும் ஆரம்ப ரேட்டிங் 1000, எல்லாப் பிள்ளைக்கும் 1000. யார் யாரை ஜெயிக்கிறார்களோ அதற்கேற்ப இரண்டு பக்கமும் ஏறும், இறங்கும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சிறுவர் கணக்குப் பயிற்சிக்கு எலோவை வைத்தே ஓர் இணையதளம் நடத்தினார்கள், அதைப் படித்துவிட்டுச் செய்தது. பெரிய வங்கியும் வெள்ளோட்டமும் நமக்குக் கட்டாது, எலோ என்றால் போகப்போகத் தானே சரியாகும்.

சில மாதம் ஓடவிட்டுக் கேள்விகளை ரேட்டிங் வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். மேலே பின்னம், எதிர்மறை எண், எதிர்பார்த்ததுதான். அவற்றுக்கு நடுவே ஒரு சாதாரணக் கழித்தல் கணக்கு ஏறி உட்கார்ந்திருந்தது:

மின்விசிறியின் ரெகுலேட்டர் 5இல் இருக்கும்போது நிமிடத்துக்கு 350 சுற்று. ஒரு படி குறைத்தால் 60 சுற்று குறையும். 2இல் வைத்தால் எத்தனை சுற்று?

170 வர வேண்டும். பாதிப் பேர் 230 என்று போட்டிருந்தார்கள். 2இல் வை என்பதை இரண்டு படி குறை என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் சீலிங் ஃபேன் இருக்கிறது? ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்த பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் தேறினால் அதிகம். ஒரு பெண் எழுந்து, "ஃபேன் போட்டா குளிராதா சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

அதே பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்த கணக்கு: 48 கிலோ பச்சைத் தேயிலை, ஈரத்துக்காக 10 சதவீதம் கழிவு, கிலோ 20 ரூபாய், கைக்கு எவ்வளவு வரும்? சதவீதம் இன்னும் பாடத்தில் வராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே 864 என்று போட்டுவிடுகிறார்கள். வீட்டில் மாலையானால் இந்தப் பேச்சுதானே. அந்தக் கழிவைப் பற்றி அப்பாக்கள் என்ன பேசுவார்கள் என்பதையும் சேர்த்தே பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள், அதை இங்கே எழுத முடியாது.

16.12.2024

"கேள்வியில் எல்லாத் தகவலும் இருக்கிறதே, ஃபேன் பார்க்காவிட்டால் என்ன?" என்று தேயிலைத்தூள். நியாயமான ஆட்சேபம். அதனால் எண்களை அப்படியே வைத்து, விசிறிக்குப் பதில் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டாக மாற்றிப் போட்டிருக்கிறேன். 5ஆம் படியில் இருக்கிறாய், 2ஆம் படிக்கு வா. லீவு முடிந்து பார்ப்போம்.

12.01.2025

படிக்கட்டுக் கணக்கு மளமளவென்று கீழே இறங்கிவிட்டது. விசிறி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதற்கிடையே மேட்டுப்பாளையத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் பள்ளியில் இதே புரோகிராமை ஓட்டினார். அங்கே விசிறிக் கணக்கு லேசு. தேயிலைக் கணக்கு எங்களைவிட எவ்வளவோ மேலே. மலை இறங்கினால் கேள்வியின் எடை மாறிவிடுகிறது. பொதுவாகச் சமதிறன் உள்ள பிள்ளைகளையே இரண்டு பக்கத்திலும் எடுத்து ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பள்ளி கெட்டி, இந்தப் பள்ளி மட்டம் என்று தப்பாகப் படித்துவிடுவோம். அதற்கு மேன்டல், ஹேன்ஸெல் இருவரும் 1959இல் நோய் ஆய்வுக்காக அமைத்த கணக்கு இருக்கிறது. தேர்வுக்காரர்கள் 80களில் அதை எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இருக்கும் பிள்ளைகள் அதற்குப் போதாது, ஆனாலும் போட்டுப் பார்த்தேன். விசிறி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பந்தலூர்வாசி கேட்ட நியாயத்துக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. ஆளுக்கொரு கேள்வி வருவதில் அநியாயம் இல்லை. அந்தக் கேள்விகளை யாரை வைத்து எடை போட்டார்கள் என்பதில் இருக்கிறது. சமவெளிப் பிள்ளைகளை வைத்து எடை போட்ட வங்கியைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளிடம் ஓட்டினால், விசிறிக் கணக்கு எளிது என்று யந்திரம் நம்பிக்கொண்டிருக்கும். அதில் தோற்ற பிள்ளையை எளிய கணக்குகூடத் தெரியாதவள் என்று கீழே தள்ளும். ஆளுக்கேற்ற தேர்வில் கேள்விகள் குறைவு என்பதால் ஒரு விசிறிக்கே வலி அதிகம். நூறு கேள்வித் தாளில் அது கரைந்துபோயிருக்கும்.

கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் கவலை. வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் தமிழ், திரையில் எழுத்துத் தமிழ். எங்கள் படுகர் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பேச்சு வேறுதான், ஆனால் மூன்று தலைமுறையாகப் பள்ளிக்குப் போன வீடுகள் நிறைய, சமாளித்துக்கொள்கிறார்கள்.

14.01.2025

பொங்கல். பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பிசா தேர்வின் 2009 சுற்று ஞாபகம் வந்தது. அந்தச் சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன, கடைசி வரிசையில் வந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றார்கள். இந்தியா அடுத்த சுற்றுகளுக்குப் போகவில்லை. அன்றைக்கு அது எனக்குச் சுத்தமான சாக்காகத் தெரிந்தது. இப்போதும் பாதி சாக்கு என்பேன். வாசித்துப் புரிந்துகொள்ளத் திணறும் பிள்ளையை எங்கள் பள்ளிகளில் தினமும் பார்க்கிறேன், அதற்கு விசிறியைக் குறை சொல்ல முடியாது. மீதிப் பாதியைப் பற்றி இவ்வளவு உறுதியாக இருக்க முடியவில்லை.

பிசாவும் 2015இல் கணினிக்கு மாறி, 2018இல் வாசிப்புப் பகுதியைக் கட்டு முறைக்குக் கொண்டுவந்துவிட்டது என்பது உபரித் தகவல்.

19.01.2025

விடையை மட்டும் அல்ல, எத்தனை விநாடியில் சொன்னான் என்பதையும் கணினி குறித்துக்கொள்ளும். தாளில் கிடைக்காத சங்கதி இது. கேள்வியைப் படிக்கவே பத்து விநாடி ஆகும் இடத்தில் இரண்டு விநாடியில் விடை வந்தால் அது விடை இல்லை, சும்மா தட்டியது. மதிப்பெண் பாதிக்காத தேர்வுகளில் இப்படித் தட்டுபவர்களைப் பிரித்தெடுக்க நிறைய ஆராய்ச்சி நடக்கிறது.

என் பட்டியலில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எப்போதும் கடைசிக் கேள்விகளை ஒன்றரை விநாடியில் முடிப்பான். அக்கறை இல்லை என்று கணினி சொல்லும். கடைசிப் பஸ் போய்விட்டால் எஸ்டேட் பாடியில் இருக்கும் அவன் வீட்டுக்கு இருட்டில் காட்டெருமைக்கு நடுவே நடக்க வேண்டும். அவன் தேர்வு நேரத்தைக் காலைக்கு மாற்றினேன், நிதானமாகிவிட்டான்.

காலைக்கு மாற்றியதில் வேறு தலைவலி. ஜனவரிக் காலையில் விரல் விறைத்து மவுஸ் பிடிக்கவே வராது. கை குளிர்ந்தால் நரம்பில் செய்தி போகும் வேகமே குறையும், உடம்பு அப்படி. கணக்குக்கு ஒரு விநாடி முன்பின் பரவாயில்லை. கவனத்தையும் எதிர்வினை வேகத்தையும் மில்லி விநாடியில் அளக்கும் உளவியல் சோதனைகள் இருக்கின்றனவே, தலைகுந்தாவில் உறைபனி விழுந்த காலையில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து அளந்தால் என்ன எண் வரும்? அந்த எண்ணை வைத்து 'கவனக்குறைவு' என்று எழுதிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். முதலில் கையைத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், டீ கொடுங்கள்.

26.01.2025

பனிமூட்டம் குன்னூரில் மாணவர் ஆலோசகராக இருக்கிறாராம், இன்றுதான் சொன்னார். மனச்சோர்வுக்குக் கணினிச் சோதனை நம்பலாமா என்று கேட்கிறார்.

அது என் துறை இல்லை, படித்ததைச் சொல்கிறேன். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 2004இல் தொடங்கிய புராமிஸ் திட்டத்தில் இதே முறைதான். மனச்சோர்வுக்கு 28 கேள்வி கொண்ட வங்கி, ஒருவருக்கு அதில் நான்கு முதல் பன்னிரண்டு வரை கேட்டாலே போதும். நோயாளியை நூறு கேள்வி கேட்டு வதைக்க வேண்டியதில்லை. அது நல்லது.

ஆனால் சிக்கனத்துக்காக எதையும் தாண்டிவிடலாம் என்ற துறை இல்லை அது. நீங்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவத்தில் கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. துல்லியத்துக்கு அது தேவையா இல்லையா என்று எந்தச் சூத்திரமும் முடிவு செய்யக் கூடாது. அதைக் கேட்டே ஆக வேண்டும், கேட்டபின் ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

26.01.2025, இரவு

பனிமூட்டம் பதிலுக்கு எழுதியது என்னை யோசிக்க வைத்தது. பிள்ளைகள் அவரிடம் சொல்லாததைக் கணினியிடம் சொல்கிறார்களாம். நம்மூர் சின்ன ஊர், ஆலோசகர் அக்கா சாயங்காலம் மார்க்கெட்டில் அம்மாவோடு பேசிக்கொண்டு நிற்பார். திரை யாரோடும் பேசாது. வெளிநாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பதின்வயதுப் பையன்களிடம் நடத்தி 1998இல் வெளியான பெரிய ஆய்வில், ஹெட்போனில் கேள்வியைக் கேட்டுக் கணினியில் பதில் தட்டியவர்கள், தாளில் எழுதியவர்களைவிடச் சங்கடமான விஷயங்களை அதிகம் ஒப்புக்கொண்டார்கள். ஆள் இருக்க வேண்டும் என்று மேலே எழுதினேன். இருக்கட்டும், ஆனால் பக்கத்து அறையில் இருந்தால் போதும் போலிருக்கிறது.

09.02.2025

கட்டுரையையும் கணினி திருத்துமா என்று கேட்டவருக்கு: திருத்துகிறது. எல்லிஸ் பேஜ் 1966லேயே ஆரம்பித்தார், 1999இல் மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் கட்டுரைக்கு மனிதரோடு கணினியும் சேர்ந்து மதிப்பெண் போட ஆரம்பித்தது. எம்.ஐ.டி.யில் இருந்த லெஸ் பெரல்மன் 2014 வாக்கில் மாணவர்களோடு சேர்ந்து, அர்த்தமே இல்லாத கட்டுரையை உற்பத்தி செய்யும் புரோகிராம் ஒன்றைச் செய்து, அதற்கும் நல்ல மதிப்பெண் வாங்கிக் காட்டினார். நீளமாக எழுது, பெரிய சொல் போடு. இதைக் கேட்டு எங்கள் தமிழ் ஐயா சிரிக்கவே இல்லை. பொதுத்தேர்வுத் தாள் திருத்தப் போகிறவர், அவருக்குத் தெரியாததா.

இப்போதைய மொழி மாதிரிகள் அந்தப் பித்தலாட்டத்தில் விழாமல் இருக்கலாம். கேள்விகளையும் அவையே தயாரித்துத் தருகின்றன. நானும் அப்படிச் சில தயாரித்து என் வங்கியில் போட்டேன். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் மாம்பழமும் ரயிலும்தான், பீட்ரூட் மூட்டை ஒன்றுகூட இல்லை. ஆயிரம் கேள்வி ஒரு மாலையில் கிடைக்கும், எடை போடும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

23.02.2025

வால்பாறையிலிருந்து ஓர் ஆசிரியை புரோகிராம் கேட்டிருந்தார், பந்தலூர்வாசியும் தன் பக்கத்துப் பள்ளிக்குக் கேட்கிறார். தருகிறேன், காசு வேண்டாம். சில நிபந்தனை உண்டு. பிள்ளைகளின் பெயரைப் போடாதீர்கள், எண் போதும். ரேட்டிங்கைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள், பெற்றோருக்கு வேண்டவே வேண்டாம், மறுநாளே அது ரேங்க் கார்டாகிவிடும். விடையும் விநாடியும் பதிவான கோப்பை மாதம் ஒருமுறை எனக்கு அனுப்புங்கள். உங்கள் ஊர்க் கணக்குகளை நீங்களே எழுதிச் சேருங்கள், வால்பாறையில் கழிவு எத்தனை சதவீதம் பிடிக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

விசிறிக் கணக்கை எடுக்கவில்லை. பிள்ளையின் கணக்கில் மட்டும் சேர்க்காமல், என்கிளெக்ஸின் அந்த 15 கேள்வி மாதிரி நடுவே விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் அது எங்கே போய் உட்காருகிறது என்று எழுதுங்கள்.